இரண்டு மஞ்சள் பூக்களைத் தேடி ஆனைக்கரைக்கு

வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்கால். பாலக்காடு டவுன் ஸ்டேஷனில் நானும் விசாலமும் வண்டிக்காக நின்றோம். 1976ஆம் வருஷம், துலாம் மாதம், அதாவது ஐப்பசி. ராத்திரி முழுக்க மழை கொட்டியதில் பிளாட்பாரம் சொதசொதவென்றிருந்தது. எங்கள் சாமான்களைப் பார்த்த போர்ட்டர் ஒருவர் சிரித்தே விட்டார். மூடி போட்ட இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு எனாமல் தட்டு, தோல் வாரால் இறுக்கிக் கட்டிய இரண்டு மரப்பலகை, ஒரு கட்டுப் பழைய பேப்பர். பாத்திரக் கடையா, பேப்பர் கடையா என்று கேட்டார். "பாசிக் கடை" என்றேன். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம்.

பொய்யும் சொல்லவில்லை. நாங்கள் தேடிப் புறப்பட்டது குளத்தில் மிதக்கும் ஒரு செடியை. ஊரில் எல்லாரும் பாசி என்றுதான் சொல்வார்கள். வேர் கிடையாது. தண்ணீருக்குள் நூல் நூலாக இலை, இலையெங்கும் எள்ளைவிடச் சின்னச் சின்னப் பைகள். பையின் வாயில் ஒரு கதவு, கதவில் இரண்டு மயிர். தண்ணீர்ப் பூச்சி அந்த மயிரைத் தொட்டதோ, கதவு திறந்து பூச்சி உள்ளே போய்விடும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தண்ணீருக்கு மேலே மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மஞ்சள் பூ. எங்கள் பக்கத்துக் குளங்களில் இதில் இரண்டு இனம் உண்டு. உட்ரிகுலேரியா ஆரியா ஒன்று, உட்ரிகுலேரியா ஸ்டெல்லாரிஸ் மற்றொன்று. வாய் வலிக்கும் என்பதால் முதலாவதற்குப் பொன்னி என்றும், இரண்டாவதற்குச் சக்கரம் என்றும் நாங்களே பேர் வைத்திருந்தோம்.

சக்கரத்தின் பூக்காம்பில், தண்ணீர் மட்டத்தில், ஐந்தாறு பஞ்சு மிதவைகள் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போல வட்டமாக நிற்கும். பொன்னிக்கு அது இல்லை. அதற்குப் பதில் பொன்னியின் காயில் கிளி மூக்கு மாதிரி நீளமாக ஒரு அலகு உண்டு. சக்கரத்தின் காய் மொட்டை. மிதவை இருந்தால் சக்கரம், அலகு இருந்தால் பொன்னி. அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு தாள் கெடுத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் விசாலம் முதலமடைக் குட்டை ஒன்றிலிருந்து டின்னில் அள்ளி வந்த செடி, எங்கள் கல்லூரியில் அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. அதில் காம்பில் மிதவைச் சக்கரமும் இருந்தது, காயில் அலகும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது செடி! விசாலம் அதைப் படம் வரைந்து, அளந்து, பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினாள். புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவர் ஜாக்கிரதையான மனுஷர். "ஒரு தாளை நம்பி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்ப முடியாது. உயிரோடு ஒரு செடி கொண்டு வா. திங்கட்கிழமை வரை பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் எங்கள் டிபார்ட்மென்டில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்றே ஒன்றுதான் காலி. கட்டுரை போனால் வேலை விசாலத்துக்கு. போகாவிட்டால் மார்க்கில் அரை அடி முன்னால் நின்ற எனக்கு.

கல்பாத்தியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒன்றாம் கிளாஸிலிருந்து ஒரே பெஞ்ச். அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் நான் கூடப் போனேன். சத்தியமாக அப்படித்தான்.

கரி எஞ்சின் இழுக்கிற மீட்டர் கேஜ் வண்டி. முதலமடைக்கு டிக்கெட் ஒரு ரூபாய் பத்துப் பைசா. எமர்ஜென்சி நடந்த அந்த வருஷம் ரயிலெல்லாம் நேரத்துக்கு ஓடியது என்று பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் வண்டிக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை, முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டது. நாங்கள் அலுத்துக்கொள்ளவில்லை. கொல்லங்கோடு தாண்டியதும் தெற்கே மலைச்சரிவு முழுக்க அருவிகள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின. விசாலம் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பது என்றாள், நான் பதினொன்று என்றேன், அதற்கும் ஒரு சண்டை போட்டோம்.

காலை எட்டு மணி, முதலமடை. ஆலமரங்கள் பிளாட்பாரத்துக்கே கூரை போட்டிருக்கிற ஸ்டேஷன். அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தோம். மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைவு, மண் காய்ந்துதான் கிடந்தது. குட்டையைப் பார்த்ததும் விசாலத்தின் முகம் விழுந்துவிட்டது. கரையெல்லாம் செதுக்கி, அடி தெரிய, புதுக் குட்டை போல இருந்தது. காளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, என்ன தேடறீங்க?"

"இங்க மஞ்சப் பூப் பாசி நிறைய இருக்குமே?" என்றாள் விசாலம்.

"பாசிங்களா? போன சித்திரையில குட்டை வத்துனப்ப வண்டலைப் பூரா வழிச்சு மாமரத்துக்குப் போட்டுட்டமுங்க. பாசியும் அதோட போச்சுங்க. அதப் புடிக்கவா பாலக்காட்டுல இருந்து வந்தீங்க?" அவருக்கு எங்கள் மேல் இரக்கமே வந்துவிட்டது. "ஊட்டுக்கு வாங்க, மோராச்சும் குடிச்சுப்போட்டுப் போங்க."

மூலையில் பொன்னி மட்டும் நாலைந்து திரும்ப முளைத்திருந்தது. சக்கரமும் இல்லை, மூன்றாவதும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் புடவையைச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் துழாவினோம். விசாலம் பொன்னியில் ஒரு பிடி அள்ளி வாளியில் போட்டுக்கொண்டாள். மோர் குடித்தோம். மோரில் இஞ்சி தூக்கலாக இருந்தது, நன்றாகவே இருந்தது.

மிச்சமிருந்த நம்பிக்கை ஆனைக்கரை. குமுளிக்குப் பக்கத்தில் ஏலக்காய் விளைகிற ஊர். அங்கே வயல்களில் மிதவை வைத்த மஞ்சள் பூவும் வைக்காத மஞ்சள் பூவும் கலந்து கிடக்கும் என்று எங்களோடு படித்த ஒருத்தி சொல்லியிருந்தாள். அதுவும் கேரளம், இதுவும் கேரளம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் புகுந்து, சுற்றி, மறுபடி மலையேறித்தான் போக வேண்டும்.

பகல் பதினொன்று, கோவிந்தாபுரம். நாங்கள் ஏறிய பொள்ளாச்சி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அந்த நாளில் எல்லையில் அரிசிக் கடத்தலுக்குத்தான் சோதனை. எங்கள் வாளிகளின் கனத்தைப் பார்த்த காவல்காரருக்குச் சந்தேகம்.

"இதெந்தா? அரியுண்டோ?" என்று அரிசியைத் தேடி மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். கையெல்லாம் பச்சைச் சளி மாதிரி பாசி. நான் சும்மா இருந்திருக்கலாம். "பயப்படாதேங்கோ, அது பூச்சியை மட்டுந்தான் தின்னும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. விசாலமும் சிரித்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக.

பொள்ளாச்சியில் ரயிலேறி, பழனி வழியாகத் திண்டுக்கல் போய், விசாலத்தின் மாமா வீட்டில் தங்கினோம். வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் குமுளி பஸ். நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். டிக்கெட் ஏழு ரூபாய். தேனிவரைக்கும் விசாலம் என் தோளில் தூங்கினாள். கம்பத்தில் பஸ் நின்றபோது திராட்சை வாங்கினோம். கூடலூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவள் எழுந்து உட்கார்ந்து, வாளித் தண்ணீர் தளும்பாமல் மடியில் பிடித்துக்கொண்டாள்.

"கோமு, கிடைக்குமோ?"

"கிடைக்கும்."

"கிடைக்கலேன்னா?"

"கிடைக்கலேன்னா அப்போ அழலாம். இப்போ திராட்சையைத் தின்னு."

குமுளியில் மேகம் கடைத்தெருவுக்குள்ளேயே நடமாடியது. ஆனைக்கரைக்கு ஜீப்பில் ஆளுக்கு ஒன்றரை ரூபாய். பதினான்கு பேரை அடைத்தார்கள். என் முழங்காலும் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாளின் முழங்காலும் பதினாறு கிலோமீட்டரும் இடித்துக்கொண்டே வந்ததில் பழக்கமாகிவிட்டோம். அவள் பேர் செல்லத்தாய். ஏலத் தோட்டத்தில் காய் பறிக்கிறவள். திருநெல்வேலிப் பக்கத்துப் பூர்வீகம்.

"ஏத்தா, பொட்டப் பிள்ளைக ரெண்டு பேரும் தனியா எங்கிட்டுப் போறீக?"

சொன்னோம். தங்க இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றோம். "அப்ப நம்ம வீட்ல படுத்துக்கிருங்க. காலையில நானே வயக்காட்டுக்குக் கூட்டிப் போறேன்" என்றாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறை. ஏலக்காய் வாசனை சுவரிலேயே ஊறிக்கிடந்தது. சுடச்சுடக் கப்பைக்கிழங்கும் மிளகாய்த் துவையலும் போட்டாள். எங்கள் வீடுகளில் இது தெரிந்திருந்தால் ரகளையாகியிருக்கும். நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணி. ஏலமலைகளுக்கு நடுவே பள்ளத்தில் பச்சையாக வயல். வரப்போரமாக ஓடிய வாய்க்காலில், அப்பாடா, மஞ்சளாகக் கொட்டிக் கிடந்தது! பொன்னியும் சக்கரமும் ஒன்றோடொன்று பின்னி, எது எதன் பூ என்று தெரியாமல் பூத்திருந்தன. விசாலம் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அட்டைக்காகச் செல்லத்தாய் கொடுத்த உப்புப் பொட்டலத்தையும் கீழே போட்டுவிட்டாள். வாய்க்கால் நெடுகக் குனிந்து குனிந்து ஒவ்வொரு காம்பாகப் பார்த்துக்கொண்டே தூரமாகப் போனாள். நான் வரப்பில் உட்கார்ந்து, முதல் வாளியில் அவள் அள்ளிக் கொடுத்ததைத் தாளில் எடுக்க ஆரம்பித்தேன்.

எங்கள் ஜோடியில் வேலை அப்படித்தான் பிரிந்திருந்தது. தேடுவதும் வரைவதும் எழுதுவதும் அவள். தாளில் எடுப்பது நான். இந்தச் செடியைத் தண்ணீரிலிருந்து வெறுமனே தூக்கினால் ஈரத் தலைமயிர் மாதிரி சுருண்டு கட்டியாகிவிடும். ஆகவே தட்டில் தண்ணீர் ஊற்றி, செடியை மிதக்கவிட்டு, ஊசியால் சிக்கெடுத்து விரித்து, அடியில் கெட்டித் தாளை நுழைத்து, சாய்த்து மெல்லத் தூக்க வேண்டும். என் தாள்கள் டிபார்ட்மென்டிலேயே பேர் போனவை. ஒரு நூல் பிசகாது. ஒடிந்த காம்பு, அழுகிய இலை எதுவும் இருக்காது. எல்லாவற்றையும் நறுக்கென்று கிள்ளி எறிந்துவிடுவேன். சுத்தம் என்றால் கோமு என்று புரொபசரே சொல்வார்.

அன்றைக்கும் அப்படித்தான் செய்தேன். தட்டில் விழுந்த சக்கரம் ஒன்றின் பூக்காம்பு, மிதவைக்குச் சற்று மேலே ஒடிந்திருந்தது. கை தானாகப் போய் அந்த ஒடிந்த முனையைக் கிள்ளி எறிந்தது. ஊசியால் விரித்தேன். கூடப் பின்னியிருந்த பொன்னியின் காய்க்காம்பு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து, மொட்டையாக நின்ற மிதவை வட்டத்தின் நடுவில் பொருந்தி உட்கார்ந்தது. தாளை நுழைத்துத் தூக்கினேன். தண்ணீர் வடிந்தது.

தாளில் அந்த மூன்றாவது செடி இருந்தது. கீழே சக்கரம், மேலே அலகு வைத்த காய். அச்சு அசல்.

தாளையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் முதலமடையிலிருந்து டின் வந்த சாயங்காலம், விசாலத்துக்குக் காய்ச்சல். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். டின்னைத் திறந்ததும், தட்டில் கொட்டியதும், சிக்கெடுத்ததும், கிள்ளியதும் நான். ஒரு வாரம் கழித்துக் காய்ந்த தாளைத்தான் அவள் பார்த்தாள். உலகத்தில் எந்தக் குளத்திலும் அப்படி ஒரு செடி கிடையாது. அதைச் செய்தது என் கை.

"கோமு! எடீ!" விசாலம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். "கிடைச்சுடுத்து! எடீ, கிடைச்சுடுத்துடீ!" சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். குதித்தாள். கண்ணில் தண்ணீர். ஒன்றும் புரியாமலே செல்லத்தாயும் கை கொட்டிச் சிரித்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். உயிரோடு எடுத்த இரண்டாவது செடி, நானே சாட்சி. கட்டுரை போயிருக்கும், வேலை அவளுக்குக் கிடைத்திருக்கும். திறந்தாலோ, வேலை எனக்கு. நான் எதைச் சொன்னாலும் அதில் என் லாபம் ஒட்டிக்கொண்டிருந்தது. பாவி, இப்படியா வந்து மாட்டுவேன் என்று இருந்தது. இடுக்கியை எடுத்தேன்.

"விசாலம், இங்கே பாரு."

காய்க்காம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் வட்டத்திலிருந்து உருவிக்கொண்டு வந்தது. இரண்டு செடியையும் தட்டில் தனித்தனியே மிதக்கவிட்டேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். "முனையைக் கிள்ளினயோ?" என்றாள்.

"கிள்ளினேன்."

"அன்னிக்கும்?"

"எப்பவும் கிள்ளுவேனே. அன்னிக்கும்தான் கிள்ளியிருப்பேன்." அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதேன். தவறு செய்தவள் நான், நஷ்டம் அவளுக்கு, அழுகை எனக்கு. எனக்கே என்மேல் ஆத்திரமாக வந்தது.

செல்லத்தாய் பதறிப்போனாள். "என்னத்தா, பூ கிடைச்சிருச்சுல்ல? எதுக்கு இந்தப் பிள்ள அழுகுது?"

"கிடைச்சுடுத்து அம்மா. ரெண்டும் கிடைச்சுடுத்து" என்றாள் விசாலம். பிறகு குனிந்து தன் காலில் ஏறியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். ரத்தம் வடிந்ததை அவள் துடைக்கவில்லை. ஜீப் வரும்வரை என்னோடு வரப்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

குமுளி, கூடலூர், கம்பம், தேனி. போகும்போது இருந்த ஊர்கள்தான், எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போது அவள் முதல் வார்த்தை பேசினாள். "நீ பேசாம இருந்திருக்கலாம். நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"வேலை உனக்குத்தான், தெரியுமோ?"

"எனக்கு அந்த வேலை வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"கத்தாதே. வேண்டாம்னு சொன்னயோ, இந்த ஜன்மத்துல உன்கூடப் பேச மாட்டேன். நீ அதை உருவிக் காட்டினது வேலைக்காக இல்லேன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியணும், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரை. பாலக்காடு டவுன் ஸ்டேஷன். இறங்கியதும் வீட்டுக்கு நடக்காமல் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாள்களை நடுவில் வைத்து இறுக்கியிருந்த பலகைக் கட்டை அவிழ்க்கச் சொன்னாள். ஆனைக்கரையில், உருவிய பிறகு, இரண்டு செடியையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எடுத்து வைத்திருந்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். தாளின் மூலையில் சீட்டு எழுதுவது எப்போதும் அவள்தான். செடியின் பேர், ஊர், தேதி, சேகரித்தவர் பேர். சேகரித்தவர் என்ற இடத்தில் ஒருவர் பேர்தான் எழுத வேண்டும் என்பது எங்கள் டிபார்ட்மென்ட் வழக்கம். அன்றுவரை அது அவள் பேராகவே இருந்தது. அன்றைக்கு அவள் இரண்டு பேரையும் எழுதினாள். என் பேர் முதலில்.

மறுநாள் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். நடந்ததைப் புரொபசரிடம் அவளே சொன்னாள். ஆறு மாதத்தில் பம்பாயில் ஒரு பாங்கில் சேர்ந்தாள். வேலை எனக்கு வந்தது. நான் முப்பத்தொரு வருஷம் அதில் இருந்தேன். முதல் சம்பளம் வாங்கிய நாளில் சாப்பாடு இறங்கவில்லை. விசாலம் கெட்டுப்போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் வாய்க்காலில் செருப்பை எறிந்துவிட்டு ஓடிய மாதிரி பாங்கில் எதற்கும் ஓடியிருக்க மாட்டாள்.

வருஷா வருஷம் துலாம் மாதம் அவள் கடிதம் வரும். ஒரே கேள்விதான். "பூத்துதா?" ஆனைக்கரை எங்கே, கல்பாத்தி எங்கே. அங்கே மேகம் காலில் தட்டுப்படும், இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும். இருந்தாலும் என் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமென்டுத் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டும் இருக்கின்றன. மழை வந்ததும் பின்னிக்கொள்கின்றன. நான் எனாமல் தட்டை எடுத்து வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு பூ எடுத்து, பம்பாய்க்கு அனுப்ப ஒரு சின்னத் தாளில் விரிக்கிறேன். இந்த வயதிலும் கை பழக்கத்தில் முனையைக் கிள்ளப் போகிறது. நிறுத்திக்கொள்கிறேன். ஒடிந்த காம்பு ஒடிந்தபடியே தாளில் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.